நல்ல டெய்லரை ஒரே நாளில் சூப்பர்வைசர் ஆக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தலைமைப் பண்பு பற்றி பத்திரிகையில் எது வந்தாலும் விடாமல் படிக்கிறவன் நான். அதில் வருகிறவர்கள் பெரும்பாலும் பெரிய கம்பெனித் தலைவர்கள், கிரிக்கெட் கேப்டன்கள், இல்லாவிட்டால் ஐடி ஆபீஸ் மேனேஜர்கள். முப்பது நாற்பது பேர் உட்கார்ந்து தைக்கிற ஒரு லைனை காலை எட்டரையிலிருந்து ராத்திரி வரைக்கும் ஓட்டுகிற பனியன் கம்பெனி சூப்பர்வைசரைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. திருப்பூரில் அப்படிப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். டெய்லராக இந்தத் தொழிலுக்குள் வந்து, இன்று ஒரு ஏற்றுமதி யூனிட்டில் புரொடக்‌ஷன் பொறுப்பில் இருப்பதால், இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சூப்பர்வைசர் எப்படி உருவாகிறார் தெரியுமா? இருந்தவர் சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். திங்கட்கிழமை காலையில் ஷிப்மெண்ட் தலைக்கு மேல் நிற்கும். லைனில் இருப்பதிலேயே கை வேகமான டெய்லர் யார் என்று பார்த்து, 'நீ எந்திரிச்சு வா, இன்னையிலிருந்து நீ பாத்துக்கோ' என்பார்கள். அவ்வளவுதான், அவர் சூப்பர்வைசர். நேற்று வரைக்கும் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து டீ குடித்தவர்களை இன்றைக்கு வேலை வாங்க வேண்டும், ஆள் வரவில்லை என்றால் பதில் சொல்ல வேண்டும், புதிதாக வந்த ஆளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், மணிக்கு ஒரு தடவை போர்டில் கணக்கு எழுத வேண்டும். இதில் ஒன்றுக்குக்கூட அவருக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். கம்பெனி வேன் ஓட்ட ஆள் எடுத்தால் லைசென்ஸ் எங்கே என்று கேட்கிறோம், முப்பது பேரை ஒருவர் கையில் ஒப்படைக்கும்போது எதையுமே கேட்பதில்லை.

இதற்கு எல்லோரும் சொல்கிற காரணம் ஒன்று இருக்கிறது. ஆளைக் கட்டி மேய்க்கிறது பிறவியிலேயே வரணும், சொல்லிக்கொடுத்து வராது என்பார்கள். முதலாளிகள் சொல்கிறார்கள், மேனேஜர்கள் சொல்கிறார்கள், சூப்பர்வைசர்களே சொல்கிறார்கள். நான் இதை முழுசாக மறுக்கிறேன். ஒரு குழுவை நடத்துவது பிறரிடமிருந்து கற்றுக்கொள்ளக்கூடிய சில பழக்கங்கள், அவ்வளவுதான். துணி ஓரத்தைச் சேர்த்துத் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் நூல் கோக்கக் கற்றுக்கொண்டவர் இதையும் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். டி-ஷர்ட்டில் கழுத்து ரிப், அதாவது கழுத்தைச் சுற்றி வருகிற இழுபடும் பட்டை, வைக்கிற வேலை. ரிப் துண்டு கழுத்து வட்டத்தைவிட அளவில் சின்னது, அதனால் ரிப்பை இழுத்துத்தான் வைக்க வேண்டும். உடம்புத் துணியை இழுத்துவிட்டால் போச்சு. புதிதாக வந்த பெண்ணிடம் சூப்பர்வைசர் வருவார், 'இங்க பாரு, இப்படித்தான்' என்று கண்மூடித் திறப்பதற்குள் ஒரு பீஸ் அடித்துக் காட்டுவார், அடுத்த மெஷினுக்குப் போய்விடுவார். அந்தப் பெண் பார்த்தது அவருடைய கை வேகத்தை மட்டும்தான். பண்டல் முடிந்து செக்கிங் டேபிளுக்குப் போனால் கழுத்தெல்லாம் அலை அலையாக நிற்கும். மொத்தமும் ஆல்டர், அதாவது பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டியது. பிரிக்கப் போனால் பின்னல் துணியில் ஓட்டை விழும், அப்புறம் அந்த பீஸ் டேமேஜ். உடனே எல்லார் முன்னாலேயும், 'கண்ணு எங்க இருக்குது உனக்கு?' என்று ஒரு சத்தம். மறுநாள் அந்தப் பெண் வருவதில்லை. ஆள் பற்றாக்குறை, ஆள் பற்றாக்குறை என்று நாம் புலம்புகிறோமே, அதில் ஒரு பங்கை இப்படி நாமே உண்டாக்குகிறோம்.

அதே வேலையை ஒரு அக்கா சொல்லிக்கொடுப்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டார், இதற்கு முன்னால் எந்த மெஷினில் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டார். பிறகு ரிப்பை நான்காக மடித்து நான்கு இடத்தில் புள்ளி வைத்தார், கழுத்தையும் அதேபோல மடித்துப் புள்ளி வைத்தார். 'புள்ளிக்குப் புள்ளி சேரணும் சாமி. ரிப்பை மட்டும் இழு, கீழே இருக்கிற துணி தானா போகட்டும், அதை நீ இழுத்தா கழுத்து வாய் பொளந்துக்கும்.' மெதுவாக ஒரு பீஸ், அதையே காரணம் சொல்லிக்கொண்டு இன்னொரு பீஸ். அப்புறம் அவளைத் தைக்கவிட்டு, எதற்காக இப்படிச் செய்கிறாய் என்று அவள் வாயாலேயே சொல்ல வைத்தார். அரை மணி நேரம் கழித்துத் திரும்ப வந்து பார்த்தார். மொத்தம் பத்து நிமிஷம் செலவாகியிருக்கும். மதியத்துக்குள் அந்த மெஷினிலிருந்து ஆல்டர் வருவது நின்றுபோனது.

அந்த அக்காவுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. ஆனால் அவர் செய்தது ஏறக்குறைய அப்படியே ஒரு பாடத்திட்டமாக எண்பது வருஷத்துக்கு முன்பே இருந்திருக்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவசாலிகள் ராணுவத்துக்குப் போக, அதுவரை மெஷினையே பார்க்காத ஆண்களும் பெண்களும் லட்சக்கணக்கில் வேலைக்கு வந்தார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க சூப்பர்வைசர்களுக்குத் தெரியவில்லை. அதற்காகவே அங்குள்ள அரசாங்கம் 1940லிருந்து 1945 வரை டிரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி என்று ஒரு திட்டத்தை நடத்தியது. ஒவ்வொரு பாடமும் பத்து மணி நேரம், இரண்டிரண்டு மணி நேரமாக ஐந்து நாள். வேலை கற்றுக்கொடுப்பது எப்படி என்று ஒரு பாடம், ஆட்களோடு பழகுவது எப்படி என்று ஒன்று, வேலை முறையை மேம்படுத்துவது எப்படி என்று இன்னொன்று. ஆளைத் தயார்படுத்து, செய்து காட்டு, செய்யவிட்டுப் பார், திரும்பப் போய்க் கவனி. கற்றுக்கொடுக்கிற முறை இந்த நாலே படிதான். ஒருவருக்கு வேலை வரவில்லை என்றால் சொல்லிக்கொடுத்தவர் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதுதான் அவர்களுடைய கொள்கை. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகளில் பதினாறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இதில் பயிற்சி பெற்றார்கள். போர் முடிந்ததும் அமெரிக்கர்களே இதை ஜப்பானுக்குக் கொண்டுபோனார்கள், டொயோட்டா அதைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இன்றைக்கு நம் ஆட்கள் லீன், கைசன் என்கிற ஜப்பான் பாணி உற்பத்தி முறைகளை கன்சல்டண்டுக்குப் பணம் கொட்டிக் கற்றுக்கொள்கிறார்களே, அதன் வேர்களில் ஒன்று இந்தப் பத்து மணி நேரப் பாடங்கள்.

ஆட்களோடு பழகுவது பற்றிய அந்தப் பாடத்தில் நான்கு விஷயம் சொல்கிறார்கள். ஒருவர் எப்படி வேலை செய்கிறார் என்பதை அவருக்கே சொல்லு, நன்றாகச் செய்தால் பாராட்டு, அவரைப் பாதிக்கிற மாற்றம் எதுவானாலும் முன்கூட்டியே தெரிவி, அவருக்கு இருக்கிற திறமையை முழுசாகப் பயன்படுத்து. படித்தால் இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றும். மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொண்டு நம் கம்பெனிகளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இன்றைக்கு ஒன்றரை ஷிப்ட் ஓட்ட வேண்டும் என்பது கட்டிங் துணி வந்த காலையிலேயே மேனேஜருக்குத் தெரியும். லைனில் இருப்பவர்களுக்கு அதைச் சாயங்காலம் ஐந்தரை மணிக்குத்தான் சொல்வார்கள், முன்னாலேயே சொன்னால் ஏதாவது சாக்குச் சொல்லிக் கிளம்பிவிடுவார்கள் என்று. பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டின வீட்டு வாசலில் பை வைத்துக்கொண்டு குழந்தை உட்கார்ந்திருக்கும். அந்த அம்மா இங்கே மெஷினில் உட்கார்ந்திருப்பார், மனசு அங்கே இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு அவர் தைக்கிற பீஸ் எப்படி இருக்கும்? மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லிவிட்டால் பக்கத்து வீட்டுக்கு ஒரு போன் போட்டு ஏற்பாடு செய்துகொள்வார், முடியாதவர் முடியாது என்று அப்போதே சொல்வார், ஆளும் மாற்றிக்கொள்ளலாம். எங்கள் யூனிட்டில் இப்படி மாற்றிய பிறகு சாக்குச் சொல்கிறவர்கள் கூடவில்லை, குறைந்தார்கள். முன்னாலேயே சொல்கிற சூப்பர்வைசரை ஜனங்கள் நம்புகிறார்கள், நம்புகிறவருக்காக இன்னும் ஒரு மணி நேரம் உட்காரவும் செய்கிறார்கள்.

2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோதும் இதே கதைதான். எத்தனை கம்பெனியில் லைன் ஆட்களைக் கூப்பிட்டு, நம் ஆர்டர் நிலைமை இது, இத்தனை வாரத்துக்கு வேலை இருக்கிறது, அதற்கப்புறம் தெரியவில்லை என்று நேராகச் சொன்னார்கள்? சொல்லாத இடத்தில் வதந்திதான் ஓடியது. பயந்துபோனவர்களில் பலர் ஊருக்கு ரயிலேறினார்கள். கெட்ட செய்தியைச் சொல்லக்கூட சூப்பர்வைசருக்குப் பழக்கம் வேண்டும், அதைவிட முதலில் மேலே இருக்கிறவர்கள் அவருக்கு விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அவருக்கே தெரியாததை அவர் எங்கே போய்ச் சொல்வார்?

சத்தம் போடுவது பற்றியும் சொல்லியாக வேண்டும். திருப்பூரில் நல்ல சூப்பர்வைசர் என்றால் சத்தம் பெரிசாக இருக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. போன இடத்திலெல்லாம் இதைப் பார்த்திருக்கிறேன். ஓவர்லாக்கில் மணிக்கு 60 பீஸ் வருகிறது, மடிப்பு அடிக்கிற பேட்லாக் மெஷினில் 45தான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த லைனில் நீங்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் மணிக்கு 45க்கு மேல் வராது. பேட்லாக் மெஷினுக்கு முன்னால் பண்டல் மலையாகக் குவிந்திருக்கும், அதைக் கண்ணால் பார்த்தாலே தெரியும். அங்கே போய் நின்று, ஊசி சரியாக இருக்கிறதா, நூல் அறுந்துகொண்டே இருக்கிறதா, கைமடிக்கிற உதவியாளரை ஒரு மணி நேரம் அந்தப் பக்கம் நகர்த்தினால் தேறுமா, இரண்டு வேலையும் தெரிந்த டெய்லரை இங்கே உட்கார வைக்கலாமா என்று பார்க்கிறவர்தான் லைனை ஓட்டத் தெரிந்தவர். முப்பது பேரையும் சேர்த்துத் திட்டினால் 60 போட்ட ஓவர்லாக்காரருக்குத்தான் மனசு விட்டுப்போகும். ஒழுங்காக வேலை செய்தவனுக்கும் இதே ஏச்சுத்தான் என்றால் அவர் எதற்கு வேகமாகத் தைக்க வேண்டும்?

ஆனால் சூப்பர்வைசரை மட்டும் குற்றம் சொல்லி நிறுத்திக்கொள்வது நியாயம் இல்லை. சரக்கு வாங்குகிற பையர் ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசரை நெருக்குகிறார், மெர்ச்சண்டைசர் புரொடக்‌ஷன் மேனேஜரை, மேனேஜர் சூப்பர்வைசரை. மணிக்கு ஒரு தடவை எடுக்கிற கணக்கு வாட்ஸ்அப் குரூப்பில் வரும், டார்கெட் எட்டாத லைனுக்குச் சிவப்புக் கலர் அடித்து, கீழே நாலு கேள்விக்குறி போட்டு, எல்லா யூனிட்டும் பார்க்கிற மாதிரி. காலையில் அப்படி வாங்கிக்கட்டிக்கொண்டு வருகிற ஒரு சூப்பர்வைசர் லைனில் போய் பொறுமையாகப் பேசுவார் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்? தனக்கு எப்படி நடந்ததோ அப்படித்தான் அவரும் நடத்துவார், வேறு எதையும் அவர் பார்த்ததே இல்லையே. அதனால் பயிற்சி என்று வந்தால் மேனேஜர் முதல் ஆளாக வந்து உட்கார வேண்டும் என்பேன். திட்ட வேண்டியதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது, பாராட்ட வேண்டியதை நாலு பேர் முன்னால் சொல்வது, இந்த ஒரு பழக்கம் மேலிருந்து தொடங்கினால் கீழே வரைக்கும் தானாக இறங்கும்.

கையில் அதிகாரம் இருக்கிறது, கேட்க ஆள் இல்லை என்றால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஆடை ஆலையில் வேலை செய்த ஒரு இளம்பெண் கொலை செய்யப்பட்டார், அவருடைய சூப்பர்வைசர் கைதானார். அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் 2022ல் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியனும் அந்த நிறுவனமும் வெளிநாட்டு பிராண்டுகளும் சேர்ந்து திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. லைனில் வேலை செய்கிற பெண்களிலேயே சிலரைக் கண்காணிக்கிறவர்களாக வைப்பது, சூப்பர்வைசரிலிருந்து எல்லோருக்கும் பயிற்சி கொடுப்பது, புகார் செய்தவரைப் பழிவாங்கக் கூடாது என்பது எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு உயிர் போன பிறகு ஒரு இடத்தில் வந்த ஏற்பாடு, மற்ற கம்பெனிகளில் யாரும் சாகாமலே வரக்கூடாதா?

பெண்களைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் இருக்கிறது. லைனில் பாதிக்கு மேல் பெண்கள், சூப்பர்வைசர் மட்டும் ஆண். கேட்டால், பொம்பளை சொன்னால் ஆள் கேட்காது என்கிறார்கள். பங்களாதேஷ் ஆடை ஆலைகளில் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து சூப்பர்வைசராக நிறுத்தியபோது, ஆரம்பத்தில் லைன் ஆட்கள் அவர்களைக் குறைத்துத்தான் மதித்தார்கள். சில மாதம் சேர்ந்து வேலை செய்த பிறகு ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே இருந்த அந்த வித்தியாசம் மறைந்துபோனது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓவும் உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐஎஃப்சியும் சேர்ந்து பல நாட்டு ஆடை ஆலைகளில் நடத்துகிற பெட்டர் வொர்க் திட்டத்தில், பெண் சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி கொடுத்த லைன்களில் உற்பத்தித்திறன் 22 சதவீதம் கூடியது என்று கணக்கு எடுத்திருக்கிறார்கள். புது மெஷின் வாங்கினால்கூட இந்த அளவு கிடைக்குமா என்று முதலாளிகள் யோசித்துப் பார்க்கட்டும். அந்த முதல் சில மாதம் கம்பெனி அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நிற்க வேண்டும், ஒரு வாரத்தில் சரிவரவில்லை என்று திரும்ப மெஷினில் உட்கார வைத்துவிடக் கூடாது. நான் சொன்ன அந்த அக்கா இன்னும் டெய்லராகத்தான் இருக்கிறார். கேட்டுப் பார்த்தேன், வேண்டாம் என்றுவிட்டார். தைக்கிற பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி தருகிற பீஸ் ரேட்டில் அவர் வாரத்துக்கு எடுக்கிற காசு சூப்பர்வைசர் சம்பளத்தைவிட அதிகம், கூடவே ஏச்சு வாங்க வேண்டியதும் இல்லை. அவர் சொல்வதில் என்ன தப்பு? பொறுப்பைக் கூட்டி வருமானத்தைக் குறைக்கிற பதவிக்கு நல்ல ஆள் எப்படி வருவார்? சம்பளத்தைச் சரிசெய்யாமல் பயிற்சி மட்டும் கொடுத்தால், பயிற்சி எடுத்தவர் அடுத்த கம்பெனிக்குப் போவார்.

அப்புறம் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்திருக்கிற பிள்ளைகள். அவர்கள் இல்லாமல் இன்று பல லைன் ஓடாது. ஆனால் ஒரு வருஷமாகத் தன்னோடு வேலை செய்த பையனின் பெயர் தெரியாமல் 'ஏய் ஹிந்தி' என்று கூப்பிடுகிற சூப்பர்வைசர்கள் இருக்கிறார்கள். அவன் ஒடியா பேசுகிறவனாக இருப்பான், அவனுக்கு இந்தியே பாதிதான் தெரியும். பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கும், தண்ணீர், சாப்பாடு, காய்ச்சல், மெதுவாக, நன்றாக இருக்கிறது என்று அவன் பேச்சில் பத்து வார்த்தை பழகிக்கொள்வதற்கும் எந்த கன்சல்டண்டும் தேவையில்லை.

புதிதாக சூப்பர்வைசர் ஆகிற தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். முதல் வாரம் உங்கள் கை வேகத்தைக் காட்டாதீர்கள். ஆல்டர் நிற்கிறது என்று நீங்களே மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொடுத்தால் அன்றைக்கு பீஸ் ஓடும், ஆனால் மீதி லைன் பார்க்க ஆள் இல்லாமல் போகும், தைக்கத் தெரியாதவர் தெரியாமலே இருப்பார். காலையில் மெஷின் ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னால் லைனை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். யார் முகம் வாடியிருக்கிறது, யார் வரவில்லை, எந்த மெஷின் நேற்று தொந்தரவு கொடுத்தது என்று பாருங்கள். உங்கள் பழைய சிநேகிதருக்கு மட்டும் லேசான வேலை கொடுக்காதீர்கள், லைனில் எல்லோருடைய கண்ணும் அதில்தான் இருக்கும். ஒருவர் வந்து ஒரு பிரச்சினை சொன்னால், உங்களால் முடியாவிட்டாலும் முடியாது என்று அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். பதிலே வராமல் இருப்பதுதான் ஆட்களை ரொம்ப வதைக்கிறது.

அரசுக்கும் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கல்லூரி மாணவர்களுக்கு நான் முதல்வன் என்கிற திறன் பயிற்சித் திட்டம் 2022லிருந்து நடக்கிறது, திறன் மேம்பாட்டுக் கழகம் இருக்கிறது. புதிதாகத் தையல் கற்க வருகிறவர்களுக்குப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. எல்லாம் நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே உள்ளே இருந்து மேலே வருகிற டெய்லருக்கு, பெரும்பாலும் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவருக்கு, கம்பெனிக்கு உள்ளேயே, சம்பளத்தோடு, தமிழில், பவர்பாயிண்ட் இல்லாமல் மெஷின் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கிற பத்து மணி நேரப் பாடம் வேண்டும். பெரிய ஏற்றுமதியாளர்கள் தங்கள் செலவில் ஏதோ செய்துகொள்கிறார்கள். மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக்கொடுக்கிற ஜாப் ஒர்க் யூனிட்டுகளாலும் இருபது மெஷின் போட்டிருக்கிற சின்ன முதலாளிகளாலும் தனியாக இது முடியாது. திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கமும் உள்நாட்டு உற்பத்தியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் ஒன்றாக உட்கார்ந்தால் ஒரே மாதத்தில் பாடத்தை எழுதிவிடலாம். தொழிற்சங்கம் அதில் கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு சூப்பர்வைசர் எப்படி நடக்கிறார் என்பது அவருக்குக் கீழே இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

இதைச் சங்கங்கள் கையில் எடுத்தால், சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்குமா என்று கவலைப்பட வேண்டாம். என்னைப் போல லைனிலிருந்து வந்தவர்கள் எல்லா ஏரியாவிலும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் சரி, காசு கேட்காமல் வருவோம்.

இப்படிக்கு,
பின்னலாடைத் தொழிலாளி ஒருவர்,
திருப்பூர்.